வந்திருக்கலாம், வரவில்லை

சரவணா,

நீயும் ஸ்நேகாவும் மெல்போர்ன் போய் இறங்கியதும் அனுப்பிய செய்தி வந்தது. ‘ரீச்சுடு சேஃப்லி’ என்று இரண்டே வார்த்தை. போன வருஷம் வரை இப்படி ஒன்று வந்தால், சேர்ந்துவிட்டார்கள் போல என்று குத்துமதிப்பாக எடுத்துக்கொள்வேன். இப்போது அப்படி இல்லை. ரீச்சுடு என்றால் நடந்து முடிந்த காலம் என்று எனக்குத் தெரியும். சேஃப்லி என்பது எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று சொல்கிற அட்வெர்ப் என்றும் தெரியும். உனக்கு இது ஆச்சரியமாக இருக்கும். உனக்கும் உன் பெண்டாட்டிக்கும் சந்தோஷமான ஆச்சரியமாக இருக்கட்டும் என்றுதான் இதைப் பல மாதமாகப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். இப்படி ஒரு கடிதத்தின் தலையில் இதை எழுத வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

ஆமாம், உன் அம்மா இங்கிலீஷ் படித்தாள். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு ‘அணில், ஆடு’ சொல்லிக்கொடுத்தே ரிட்டையர் ஆனவள், நம்ம பெரம்பலூர் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் காலேஜ் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். அதில் நான் கற்றுக்கொண்டது உன்னை என்ன செய்தது, என்னை என்ன செய்தது என்று சொல்லத்தான் எழுதுகிறேன். இதை ஒளித்து எழுதவில்லை. உனக்காக நான் பேசியதெல்லாம் பந்தல் போட்ட வாசலில் நின்று, ஊரும் உறவும் கேட்கப் பேசியது. ஆகவே இதையும் யார் படித்தாலும் சரி.

உங்கப்பா போன நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். நல்ல பங்குனி வெயில். டிரைவர் வேலையிலிருந்து ரிட்டையர் ஆன பிறகும் காலையில் பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய், டிப்போ சிநேகிதர்களோடு டீ குடித்துவிட்டு வருவாரே, அன்றைக்கும் போய் வந்தார். “நெஞ்சக் கரிக்குது, ஒரு சோடா வாங்கியா” என்றார். நான் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் நாற்காலியில் சாய்ந்தபடியே போயிருந்தார். முதல் போன் உனக்குத்தான் போட்டேன். நீ போனை வைத்துவிட்டாய். பிறகு, “அம்மா, நான் கெளம்பிட்டேன்னு வெச்சுக்க. டிக்கெட் போட்டுட்டேன். நாளைக்கு சாயங்காலம் திருச்சியில எறங்கிடுவேன்” என்று அழுதுகொண்டே திரும்பப் போன் செய்தாய். திருமானூரிலிருந்து உன் சித்தப்பா வந்து இறங்கியதும் முதல் வேலையாக ஐஸ் பெட்டிக்குச் சொன்னார். “புள்ள வந்து மொகம் பாக்கட்டும் அண்ணி. அதுவரைக்கும் வெச்சிருப்போம்” என்றார். அண்ணன் போன துக்கம் அவருக்கும்தான். இருந்தாலும் உனக்காக அத்தனையும் ஏற்பாடு செய்தார்.

மத்தியானத்துக்கு மேல் நீ மறுபடியும் பேசினாய். “அம்மா, பிளைட் கேன்சல் ஆயிடுச்சும்மா. வேற எதுலயும் எடமில்ல. வர முடியலம்மா” என்றாய். நான் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். “இன்னொரு நாள் வேணா வெச்சிருக்கோம்டா” என்றேன். “வேணாம்மா. எனக்காக வெச்சிருக்காதீங்க. அப்பாவ எடுத்துடுங்க” என்றாய். அந்த வார்த்தையை நான் என்னவென்று எடுத்துக்கொண்டேன் தெரியுமா? என் பிள்ளை தன் ஆசையைவிட அப்பாவின் உடம்பு வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறான், மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். வந்திருந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னேன். சித்தப்பா மொட்டை போட்டுக்கொண்டு, தண்ணிக்குடம் தூக்கி, கொள்ளி வைத்தார். அவர் கொள்ளி வைத்ததை யாரோ போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டினார்கள். நீ அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் விம்மி விம்மி அழுததைப் பார்த்து, உங்கப்பாவுக்கு அழ வேண்டியதையும் சேர்த்து நான் உனக்காக அழுதேன்.

கருமாதி அன்றைக்கு நடந்ததை உன்னிடம் போனில் பாதிதான் சொன்னேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா இலையில் உட்கார்ந்திருந்தார். யாரோ உன்னைப் பற்றிக் கேட்டதற்கு அவர், “பிளைட் இல்லேன்னா அன்னிக்கு இல்ல, சரி. இத்தன நாள்ல ஒரு பிளைட்டுமா பறக்கல? மனசு இருந்தா கருமாதிக்காவது வந்திருப்பான்” என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. நான்தான் சத்தம் போட்டேன். “எம் புள்ளையப் பத்திப் பேசுற வாயி எங்க வூட்டுல திங்க வேணாம். எந்திரிங்க” என்றேன். பந்தி முழுக்கக் கை நின்றுபோயிற்று. அவர் இலையை மடிக்காமல் எழுந்தார். “சரிங்க அண்ணி” என்றார். உன் சித்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவர் பின்னால் போனாள். உங்கப்பாவுக்குக் கொள்ளி வைத்த கையை நான் சோற்றிலிருந்து எடுக்க வைத்தேன். அப்போது எனக்கு அது தப்பாகத் தோன்றவில்லை. என் பிள்ளைக்காகப் பேச இந்த உலகத்தில் என்னை விட்டால் யார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன்.

அதற்குப் பிறகு வீடு காலியாகிவிட்டது. சித்தப்பா வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் நீங்கள் வீடியோவில் வருவீர்கள். நீ ரெண்டு வார்த்தை பேசிவிட்டு, “ஸ்நேகா பேசுறாம்மா” என்று போனை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவாய். புனேப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு வேறு எதுவும் தெரியாது. அவள் “ஈட்டிங்?” என்று கேட்பாள். நான் தலையாட்டுவேன். அவள் சிரிப்பாள், நானும் சிரிப்பேன். பிறகு ரெண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். ஆனால் அந்தப் பெண் போனைச் சட்டென்று வைத்ததே இல்லை. ஒரு நாள் அவள் கண் கலங்கியிருந்தது. என்ன என்று கேட்க எனக்கு வார்த்தை இல்லை. எதையோ நீளமாகச் சொன்னாள். கடைசியில் தன் நெற்றியில் கையால் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, “சாரி அம்மா” என்றாள். அடுத்த நாளே நான் பாலக்கரை மாடிப்படி ஏறினேன்.

அங்கே சொல்லிக்கொடுக்கிறவள் ஷபானா, லப்பைக்குடிக்காட்டுப் பெண். என்னைப் பார்த்ததும் யாரையோ சேர்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, “யாருக்கும்மா?” என்றாள். “எனக்குத்தான் மிஸ்” என்றேன். முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்துப் பெண் எழுதிக்கொடுத்ததைப் பார்த்து, ‘மை ஹஸ்பண்ட் ஈஸ் எ டிரைவர்’ என்றேன். “இன்னும் ஓட்டுறாங்களாம்மா?” என்று கேட்டாள். “இல்ல மிஸ், எறந்துட்டாரு” என்றேன். அவள் முகம் மாறிப்போயிற்று. மெல்ல, “அப்பன்னா வாஸ்னு சொல்லணும்மா” என்றாள். நான் அதையும் சொன்னேன். தமிழில் அவரை ‘இருந்தார்’ என்று எத்தனையோ பேரிடம் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஈஸை எடுத்துவிட்டு வாஸைப் போட்டபோது எனக்கு நாக்கு புரளவில்லை. வீட்டுக்கு வந்து அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன்.

அழுகை மட்டும் இல்லை, சிரிப்பும் இருந்தது. ஸ்லோ என்றால் ஸ்லோலி, நைஸ் என்றால் நைஸ்லி, இப்படி ‘லி’ சேர்த்தால் எப்படிச் செய்தோம் என்று சொல்லிவிடலாம் என்று படித்தேன். அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்நேகாவிடம், உன்னை ரொம்ப ரொம்ப நினைக்கிறேன் என்று சொல்வதாக நினைத்து, ‘ஐ ஹார்ட்லி திங்க் ஆஃப் யூ’ என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் வாடிப்போயிற்று. “ஓகே அம்மா” என்று மட்டும் சொன்னாள். மறுநாள் வகுப்பில் பெருமையாக அதைச் சொன்னேன். ஷபானா நெஞ்சில் கைவைத்து, “யா அல்லா! உன்ன நெனைக்கிறதே இல்லன்னு சொல்லிட்டு வந்திருக்கீங்களேம்மா” என்றாள். ஹார்டுக்கு மட்டும் லி சேர்த்தால் அர்த்தம் தலைகீழாகிவிடுமாம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த வாரம் நான் ஸ்நேகாவிடம் கையை நெஞ்சில் வைத்து, கண்ணில் வைத்து, எப்படி எப்படியோ காட்டித் திருத்தினேன். அவளும் சிரித்துவிட்டாள்.

எனக்கு மண்டையில் ஏறாத பாடம் ஒன்றே ஒன்றுதான். ‘குட் ஹேவ்’. ஷபானா, ‘ஹி குட் ஹேவ் கம்’ என்று போர்டில் எழுதி, ‘அவர் வந்திருக்கலாம்’ என்று தமிழில் சொன்னாள். நான் எழுந்து, “மிஸ், வந்திருக்கலாம்னா வந்தாரா, வரலையா? எங்க வூட்டுக்காரரு வந்திருக்கலாம், போயிப் பாருன்னு சொன்னா, வந்தாலும் வந்திருப்பாருன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டேன். அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். “தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே வார்த்தைதாம்மா. அதான் கொழப்புது. இங்கிலீஷ்ல, வந்தாரா இல்லையான்னு தெரியலன்னா மே ஹேவ்னு சொல்லுவோம். குட் ஹேவ்னு ஒருத்தர் தன்னப் பத்தியே சொன்னார்னா, முடியும், வழி இருந்துச்சு, ஆனா செய்யலன்னு அர்த்தம்” என்றாள். “வர வழி இருந்தும் வரலையா?” என்று மறுபடியும் கேட்டேன். “ஆமாம்மா. வரல” என்றாள். இன்னொரு விஷயமும் அன்றைக்குச் சொன்னாள். நாம் ‘கண்ணாடி ஒடஞ்சிடுச்சு’, ‘லேட் ஆயிடுச்சு’ என்று யாரும் எதுவும் செய்யாத மாதிரியே பேசுகிறோமாம். யார் செய்தது என்று முன்னால் வைத்து எழுதிப் பழகுங்கள் என்றாள். நான் வீட்டில் உட்கார்ந்து அப்படியே எழுதிப் பழகினேன். நான் உடைத்தேன், நான் தாமதித்தேன், நான் கொட்டினேன்.

மார்கழியில் லீவுக்கு வந்தீர்கள். துக்க வருஷம் என்பதால் கோயில் குளம் எதுவும் இல்லை. ஸ்நேகாவுக்குப் பறவை பார்ப்பது பிடிக்கும் என்று கரைவெட்டி ஏரிக்கு ஒரு கார் வைத்துக்கொண்டு நீயே ஓட்டினாய். அவள் முன்னால் உன் பக்கத்தில், நான் பின்னால் புளிசாதத் தூக்கோடு. ஏரிக்கரையில் சாப்பிட உட்காரும்போது அவளிடம் சொல்லத்தான் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். ‘ஐ ஹேவ் பீன் லேர்னிங் இங்கிலீஷ் ஃபார் யூ.’ உனக்காக இங்கிலீஷ் படித்துக்கொண்டு வருகிறேன் என்று அர்த்தம். ஆரம்பித்தது முடிந்துபோகவில்லை, இன்னும் நடக்கிறது என்றால் இப்படித்தான் சொல்ல வேண்டும் என்று ஷபானா திருத்திக்கொடுத்தாள். அரியலூர் தாண்டியதிலிருந்து வாய்க்குள் அதையே உருட்டிக்கொண்டு வந்தேன். கல்யாணப் பெண்ணுக்கு இருக்கிற மாதிரி ஒரு படபடப்பு.

கீழப்பழுவூர் தாண்டியதும் வழிகாட்டிப் பலகையில் திருமானூர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு ஸ்நேகா உன்னிடம் கேட்டாள், உன் சித்தப்பா ஊர் இதுதானே, ஏன் போகவில்லை என்று. எனக்குப் புரிந்தது! அவள் இயல்பாகப் பேசிய ஒரு முழு வாக்கியம் எனக்கு அப்படியே புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினேன். நீ, அம்மாவுக்கும் அவருக்கும் சண்டை, கருமாதியில் என்னைப் பற்றி அவர் ஏதோ சொன்னார் என்று சொன்னாய். அதுவும் புரிந்தது. ‘ஷி ஃபாட் வித் ஹிம் ஃபார் யூ?’ என்றாள் அவள். உனக்காகவா சண்டை போட்டார்கள் என்று. அவள் குரல் மாறிவிட்டது. ‘யூ ஷுட் டெல் ஹெர்’ என்றாள். அம்மாவிடம் நீ சொல்லியாக வேண்டும். நீ ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே, ‘டெல் ஹெர் வாட்? தட் ஐ ஹேட் ஆல்ரெடி புக்டு தி டிக்கெட் அண்ட் தென் ஐ கேன்சல்டு இட்?’ என்றாய்.

சரவணா, அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்காமல் சொல்கிறேன். முதலில் சந்தோஷம்தான் வந்தது. ஹேட் ஆல்ரெடி புக்டு! நடந்து முடிந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்து முடிந்தது. ஷபானா போர்டில் எழுதிய மாதிரியே என் பிள்ளை பேசுகிறான், எனக்குப் பிடிபடுகிறது என்று ஒரு துள்ளல். பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த சந்தோஷம். ஐ கேன்சல்டு இட். யார் செய்தது என்று முன்னால் வைத்துச் சொல்கிறான், அதுவும் சரி. அர்த்தம் கொஞ்சம் பின்னால்தான் வந்தது. டிக்கெட்டை. இவன். கேன்சல் பண்ணினான். நீ அதோடு நிறுத்தியிருந்தால் நான் தப்பாகக் கேட்டேன் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். ‘ஐ குட் ஹேவ் கம். ஐ ஜஸ்ட் டிட்ன்ட்’ என்றாய். வந்திருக்கலாம், வரவில்லை, அவ்வளவுதான் என்று. அதற்குப் பிறகு நீளமாக, வேகமாக ஏதோ சொன்னாய். அதில் பாதி எனக்குப் புரியவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் புரிந்தது. ‘எனிவே, ஹி வாஸ் ஆல்ரெடி கான்.’ எப்படியும் அவர் ஏற்கெனவே போய்விட்டார்.

நீ குரலைக்கூடத் தாழ்த்தவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. கண்ணாடியில் என் முகம் உனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மா பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்ற நினைப்பே உனக்கு இல்லை. தூக்கு மாதிரி, துணிப்பை மாதிரி நானும் ஏற்றி வைத்த ஒரு பொருள். ஒரே வாயில் எனக்கு ஒரு பாஷை, அவளுக்கு ஒரு பாஷை வைத்திருந்தாய். எனக்குச் சொன்ன பாஷையில் கேன்சல் தானாக ‘ஆயிடுச்சு’. இந்தப் பாஷையில் நீ பண்ணினாய். உங்கப்பா முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் ஓட்டிய ரோடு அது. எந்தெந்த ஸ்டாப்பில் யார் ஏறுவார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்த ரோட்டில் காரை ஓட்டிக்கொண்டே நீ அவரைப் பற்றி ‘ஆல்ரெடி கான்’ என்றாய். ஏரி வந்ததும் ஸ்நேகா இறங்கி ஓடி, பைனாகுலரை என் கண்ணில் வைத்து, “லுக் அம்மா, லுக்!” என்றாள். எங்கே பார்த்தாலும் தண்ணீராகவே தெரிந்தது. வாக்கியத்தை நான் சொல்லவில்லை. நீ புளிசாதம் நன்றாக இருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் வாங்கிச் சாப்பிட்டாய்.

நீங்கள் கிளம்புகிற வரை வாய் திறக்கவில்லை. நீயே சொல்வாய் என்று பார்த்தேன். அவள் சொல்லச் சொன்னாளே, ஒருவேளை சொல்வாய் என்று ஒவ்வொரு வேளையும் சோறு போட்டுவிட்டு உன் எதிரில் உட்கார்ந்தேன். நீ போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாய். திருச்சி ஏர்போர்ட்டில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, “அப்பா இல்லாத வூடு ஒரு மாதிரியா இருக்கும்மா” என்றாய். நான் கையை உன் தலையில் வைக்கத்தான் செய்தேன். கை வைத்தது. மனசு வைக்கவில்லை.

நீங்கள் போன பிறகு ஒரு காலையில் அரியலூர் போய், பஸ் மாறி, திருமானூர் போனேன். சித்தப்பா கரும்பு வெட்டு முடிந்து வீட்டில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க அண்ணி, உள்ள வாங்க” என்றார். ஒன்றுமே நடக்காத மாதிரி. நான் உள்ளே போகவில்லை. நின்றபடியே சொன்னேன். “தம்பி, நீங்க சொன்னதுதான் நெசம். பிளைட் இருந்திருக்கு. அவன்தான் டிக்கெட்ட கேன்சல் பண்ணியிருக்கான். நான் உங்கள எலையிலேருந்து எழுப்புனேன்” என்றேன்.   அதற்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? “விடுங்க அண்ணி. சின்ன வயசுலேயே சாவு மோளம் கேட்டா கட்டிலுக்கு அடியில பூந்துக்குவான். பயந்திருப்பான்” என்றார். உனக்காக அவர் பேசுகிறார்! எனக்கு வந்த கோபத்தில், “நீங்க அவனுக்குப் பரிஞ்சு பேசாதீங்க தம்பி, நான் பேசுனது போதும்” என்று கத்திவிட்டேன்.

உன் சித்தி அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. நானே உள்ளே போனேன். முகத்தைத் திருப்பாமல் அரிசி களைந்துகொண்டே பேசினாள். “அன்னிக்கு மொட்டத் தலையோட, பசியோட, பஸ்ஸுல எல்லாரும் பாக்க அழுதுக்கிட்டே வந்தாரு அக்கா. அண்ணனும் போயிட்டாரு, அண்ணன் வூடும் போயிடுச்சுன்னு அழுதாரு. இப்ப வந்து நெசம் தெரிஞ்சிடுச்சுங்கிறீங்க. நெசம் தெரியலன்னா வந்திருப்பீங்களா?” என்று கேட்டாள்.   அவள் சோறு போட்டாள், நான் சாப்பிட்டேன்; ஆனால் அவள் என்னோடு உட்காரவில்லை. இது உன் பொய்யால் வந்தது என்று முழுக்க உன் மேல் தள்ளிவிட முடியாது, பந்தியில் கத்தியது என் வாய்தான். ஆனால் அந்த வாய்க்குள் வார்த்தையைப் போட்டது நீ.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வழக்கம் போலப் போனைக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் ஸ்நேகாவிடம் இங்கிலீஷில் பேசினேன். ‘ஸ்நேகா, இன் தி கார், ஐ அண்டர்ஸ்டுட்’ என்றேன். அவள் சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றுபோயிற்று. ‘எவ்ரிதிங்?’ என்று கேட்டாள். ‘நாட் எவ்ரிதிங். குட் ஹேவ், ஐ அண்டர்ஸ்டுட்’ என்றேன். அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதாள். அன்றைக்கு நெற்றியில் தட்டிக்கொண்டு அவள் சொல்ல வந்தது இதைத்தானாம். அவள் டிக்கெட்டோடு பெட்டியும் கட்டி வைத்திருந்தாளாம், நீதான் ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாயாம். ஏன் என்று கேட்டேன். ‘ஹி ஷுட் டெல் யூ, அம்மா’ என்றாள். அவன்தான் சொல்ல வேண்டும் என்றாள். என் வயிற்றில் பிறக்காத பெண், என் பாஷை தெரியாத பெண், எனக்கு நேர்மையாக இருந்தாள். நான் எழுதப் போகிறேன், அதுவரை இதைப் பற்றி உன்னிடம் பேச வேண்டாம் என்று அவளிடம் சொன்னேன். அவள் மேல் நீ கோபப்படக் கூடாது. அதைக் கேட்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பங்குனி வரப்போகிறது. உங்கப்பாவுக்குத் தலைத் தெவசம். சித்தப்பாவைச் செய்யச் சொன்னேன். “புள்ள இருக்கையில நான் எப்புடி அண்ணி? ஒரு வார்த்த கேட்டுடுங்க” என்றார். அதனால் கேட்கிறேன். போன மாதமே நீ, “அந்த நேரத்துல டிக்கெட் கெடைக்கிறது கஷ்டம்மா” என்று ஒரு வார்த்தை போட்டு வைத்தாய். கிடைக்கிறது, ஆகிவிட்டது, முடியவில்லை என்கிற பேச்செல்லாம் எனக்கு வேண்டாம். வருவாயா, வரமாட்டாயா என்று உன்னை முன்னால் வைத்துச் சொல். வரமாட்டேன் என்றால் அப்படியே சொல். சித்தப்பா செய்வார், நான் யாரிடமும் உனக்காக ஒரு காரணமும் சொல்ல மாட்டேன். அன்றைக்கு உனக்குப் பயமா, வெறுப்பா, அப்பா மேல் நான் அறியாத கோபமா, சோம்பலா, எதுவாக இருந்தாலும் அதை இங்கிலீஷில் சொன்னது போதும்.

வருவதாக இருந்தால் நேராகப் பெரம்பலூர் வராதே. திருச்சியில் இறங்கித் திருமானூர் போ. அங்கே வாசலில் நின்று, ‘நான்தான் கேன்சல் பண்ணேன், நான்தான் வரல’ என்று சித்தப்பாவிடமும் சித்தியிடமும் தமிழில் சொல். சித்தப்பா என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். குளிச்சிட்டு வாடா, சாப்புடலாம் என்பார். சித்தி உள்ளேயே இருப்பாள். பிறகு அவர்களையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. நான் கதவைத் திறப்பேன். திறந்த பிறகு என்ன சொல்வேன் என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.

அம்மா